சொப்பிங் பைக்குக் காசு எடுக்கிறார்கள், சரி. எங்கள் பொட்டளி எங்கே போனது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சொப்பிங் பைக்குக் கடைக்காரர் காசு எடுப்பது பகல் கொள்ளை என்று போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்கு விளங்குகிறது. 2025 நவம்பர் 1 இல் இந்த நடைமுறை வந்த பிறகு, பில்லின் அடியில் பைக்கென்று தனியாக ஒரு வரி விழுந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கும் முதல் இரண்டு தடவை சுருக்கென்றுதான் இருந்தது, கேட்காமலே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டுத் தந்த கடை அல்லவா அது. ஆனால் அவர் கடைசியில், "பையும் தராவிட்டால் சனம் சாமானைக் கையிலேயா கொண்டு போவது?" என்று கேட்டிருந்தாரே, அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். கையில் வேண்டாம், துணியில் பொட்டளி கட்டிக் கொண்டு போகலாம். பை தைக்கக்கூடத் தேவையில்லை, ஒரு சதுரத் துணி போதும்.

என் மைத்துனரின் மகள் ஒசாகாவில் வேலை செய்கிறாள். இந்த முறை லீவில் வந்தபோது கூட வேலை செய்யும் யப்பான் பிள்ளை ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரை நுனியில் இருந்துகொண்டு, மடியில் வைத்திருந்த கருநீலப் பொட்டளியை அவிழ்த்து, உள்ளே இருந்த இனிப்புப் பெட்டியை எங்கள் மாமியிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு அந்தத் துணியை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மாமிக்கு வயது எண்பத்து மூன்று, கண் இன்னும் கூர்மை. பிள்ளைகள் இரண்டு பேரும் வளவு பார்க்கப் போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பெட்டியைத் தந்திட்டுத் துணியை எடுத்து வச்சிட்டாளே, நல்ல வடிவான துணி" என்றார்.

மருமகளிடம் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தத் துணிக்கு ஃபுரோஷிகி என்று பெயராம். ஒருவர் வீட்டுக்குப் பரிசு கொண்டு போகும்போது வழித்தூசு படாமல் இருக்கத்தான் அந்தச் சுற்று. ஆகையால் கொடுப்பவரே அவிழ்த்து, பொருளை மட்டும் கொடுத்து, துணியை வீட்டுக்கு எடுத்துப் போவதுதான் அங்கே மரியாதை. துணியையும் சேர்த்துக் கொடுப்பதென்றால் அதைச் சொல்லிக் கொடுப்பார்கள். பெட்டியோ துணியோ நம்மிடம் தங்கிவிட்டால், பழைய ஆட்கள் அதை வெறுமையாகத் திருப்ப மாட்டார்களாம், ஒரு கட்டுத் தாளோ ஒரு நெருப்புப் பெட்டியோ வைத்துத்தான் கொடுப்பார்கள், அதற்கும் ஒ-உத்சுரி என்று ஒரு பெயர் இருக்கிறது. இதைக் கேட்டதும் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப எங்கட சட்டி மாதிரித்தான்" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து கறி வந்த சட்டியைக் கழுவி வெறுமையாகக் கொடுக்காமல் நாலு முருங்கைக்காயோ ஒரு பிடி சீனியோ போட்டுக் கொடுத்தவர்கள்தானே நாங்கள்.

அந்தப் பிள்ளை புறப்படும்போது துணியை மாமியிடமே தந்துவிட்டாள். மாமி சும்மா விடுவாரா, பனங்கட்டிக் குட்டானும் ஒடியல் மாவும் எடுத்துக் கட்டிக் கொடுத்தார். எதில் கட்டிக் கொடுத்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? இரண்டு சொப்பிங் பையில், காதைப் பிடித்து முடிந்து. பனையோலையில் இழைத்த குட்டானைப் பொலித்தீனில் போட்டு, துணியில் கட்டி வந்தவளிடம் கொடுத்த அந்தக் காட்சியை நான் வாசலில் நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்ல வரவில்லை எனக்கு.

நான் முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள். துணியைக் கண்டால் அளவு நாடாவை எடுக்கிற பழக்கம் போகவில்லை. அந்தத் துணியை மேசையில் விரித்து அளந்தேன், ஒரு பக்கம் 68, மறு பக்கம் 70 சென்ரிமீற்றர். வெட்டுப் பிழை என்றுதான் நினைத்தேன், பள்ளிக்கூடத்தில் என்றால் புள்ளி குறைத்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம், பாவு, அதாவது தறியில் நெடுக்காகப் போகும் நூல், ஓடும் பக்கம் கொஞ்சம் நீளமாக. இரண்டு பக்கம் தறியிலிருந்து வந்த கரை, மற்ற இரண்டு பக்கம் மட்டும் மடித்துத் தையல். 45 சென்ரிமீற்றரில் இருந்து 90, 105 என்று போய், மெத்தை விரிப்புக் கட்டும் அளவுக்கு இரண்டு மீற்றர் வரையும் இருக்கிறதாம். எவ்வளவு துணிக்கு எவ்வளவு பெரிய சாமான் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்வார்கள், மூலைக்கு மூலை பிடித்தால் வரும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சாமான் இருக்க வேண்டும். எங்கள் கடைகளில் 36 அங்குல அகலத் துணி கிடைக்கிறது, அதில் ஒரு யார் வெட்டினால் அதுவே சதுரம். மூலைக்கு மூலை ஏறக்குறைய 130 சென்ரிமீற்றர் வரும், அப்படியென்றால் 40 சென்ரிமீற்றர் பெட்டி வரைக்கும் தாராளமாகக் கட்டலாம். பழைய சீலையில் வெட்டினால் அந்தக் காசும் இல்லை.

பெயர் வந்த கதை எனக்குப் பிடித்திருந்தது. ஃபுரோ என்றால் குளியல், ஷிகி என்றால் விரிப்பு. அஷிகாகா யோஷிமித்சு என்ற ஷோகுன் (அந்தக்கால இராணுவ ஆட்சித் தலைவர்) கட்டிய குளியல் மண்டபத்துக்கு வந்த பிரபுக்கள், ஒருவர் உடுப்பு மற்றவர் உடுப்போடு மாறிவிடாமல் இருக்கத் தங்கள் குடும்பச் சின்னம் போட்ட துணியில் கட்டி வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1603 இல் தொடங்கிய எடோ ஆட்சிக் காலத்தில் ஊருக்கு ஊர் பொதுக் குளியலறைகள் பெருகியபோது சாதாரண சனமும் உடுப்பைத் துணியில் கட்டிக்கொண்டு போய், அதையே விரித்து அதன் மேல் நின்று உடுப்பு மாற்றியிருக்கிறார்கள். வியாபாரிகள் விடுவார்களா, கடைச் சின்னத்தைத் துணியில் போட்டு அதில் சாமானைக் கட்டி முதுகில் ஏற்றினார்கள், நடக்கிற விளம்பரப் பலகை மாதிரி. ஆனால் பெயர்தான் பிந்தி வந்தது, வழக்கம் அதற்கும் முந்தியது. நாரா நகரத்துத் தோதாய்ஜி கோயிலின் ஷோசோயின் களஞ்சியத்தில் 8ஆம் நூற்றாண்டுப் பொக்கிஷங்களோடு அவற்றைச் சுற்றி வைத்த துணிகளும் இன்றைக்கும் இருக்கின்றன.

இதையெல்லாம் மருமகள் சொல்லச் சொல்ல எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கெல்லாம் எங்களிடம் சொல் இல்லையா? சவுக்கம் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கே சதுரம் என்றுதானே பொருள். சந்தைக்குப் போகும் அப்பு தோளில் போட்ட சவுக்கம் போகும்போது வியர்வை துடைக்கும், வரும்போது கத்தரிக்காய் சுமக்கும். ஆச்சிமாரின் காசு சீலைத் தலைப்பில் முடிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு லேஞ்சி மூலையில் சதக்காசு. கோயிலில் புராண படனம் முடிந்தால் கந்தபுராணம் பட்டுத் துணிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். புடவை வியாபாரி சைக்கிள் கரியரில் பொட்டளி கட்டி வந்து எங்கள் வீட்டு விறாந்தையில் அவிழ்த்தால் அந்தத் துணியே அவருக்குக் கடை. பொட்டளி, பொட்டணி, மூட்டை, முடிச்சு, பொதி, மடி என்று இத்தனை சொல் வைத்திருக்கிறோம், ஆனால் சாமானை மட்டும் சொப்பிங் பையில் கொண்டு போகிறோம்.

ஏன் விட்டோம் என்று யோசித்தேன். பொலித்தீன் சும்மா கிடைத்தது, அது ஒரு காரணம். ஆனால் எங்கள் ஊரில் அது மட்டும் காரணம் இல்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் யாழ்ப்பாணமே ஊரை விட்டு இடம்பெயர்ந்த இரவு. அம்மா அலுமாரியைத் திறந்து தன் நூல் சீலை ஒன்றைக் கட்டிலில் விரித்தார். காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சாரம், ஒரு கொத்து அரிசி, அப்பாவின் கண்ணாடி, எல்லாவற்றையும் நடுவில் குவித்து நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். நாவற்குழிப் பாலம் தாண்டுவதற்குள் மழை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒரு மூலை கிடைத்து இருந்தபோது அந்த முடிச்சு நனைந்து ஊதிக் கல்லாகியிருந்தது, பல்லால் இழுத்தும் அவிழவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கத்தி வாங்கித்தான் வெட்டினோம். உறுதி நனையவில்லை, அதற்கு அம்மா அரிசிக்குள் வைத்ததுதான் காரணம். ஆனால் நல்ல சீலை ஒன்று இரண்டாகப் போனது. அடுத்த வருடம் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அம்மா சாகும் வரைக்கும் பொட்டளி கட்டியதை நான் காணவில்லை. பக்கத்து ஊருக்குப் போவதென்றாலும் சூட்கேஸ் கேட்பார். பொட்டளியைக் கண்டால் அகதி என்ற நினைப்பு வந்துவிடும் அவருக்கு. அவருக்கு மட்டுமா, எங்கள் தலைமுறைக்கே அந்த நினைப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

யப்பானிலும் இது எப்போதும் மதிப்பாக இருந்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பச்சை நிறத்தில் வெள்ளைக் கொடி சுருள் சுருளாக ஓடும் ஒரு பழைய துணி வகை அங்கே வீட்டுக்கு வீடு இருந்ததாம். வீடு புகுந்த கள்ளன் அந்த வீட்டுத் துணியையே எடுத்துத் திருடியதைக் கட்டிக்கொண்டு போவான் என்பதால், கேலிச் சித்திரத்தில் கள்ளனை வரைந்தால் முதுகில் அந்தப் பச்சைப் பொட்டளியைத்தான் வரைவார்கள். யுத்தத்துக்குப் பிறகு கடைகள் தாள் பையும் பிளாஸ்ரிக் பையும் கொடுக்கத் தொடங்கியதும் துணி பெட்டிக்கடியில் போய்விட்டது. 2006 இல் அப்போது சுற்றாடல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பாவித்த பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி எடுத்த நூலில் நெய்த துணி ஒன்றை வெளியிட்டு, மொத்தைனாய் ஃபுரோஷிகி என்று பெயர் வைத்து, எப்படிக் கட்டுவது என்று தானே செய்து காட்டினார். மொத்தைனாய் என்றால் ஐயோ வீணாகப் போகிறதே என்று எங்கள் ஆச்சிமார் சோற்றுப் பருக்கையைப் பார்த்துச் சொல்வார்களே, அந்த உணர்வு. அந்த நாட்டில் கடைகள் பிளாஸ்ரிக் பைக்குக் கட்டாயம் காசு எடுக்க வேண்டும் என்ற சட்டம் 2020 யூலை 1 இல்தான் வந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் இடைவெளி ஐந்து வருடம்தான், ஒன்றும் பெரிய தூரம் இல்லை.

இனி முடிச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது. அவர்கள் மா முசுபி என்று சொல்வது சாரணர் பிள்ளைகள் முதலில் படிக்கிற அதே முடிச்சு. முதலில் வலது நுனியை இடது மேல் போட்டுச் சுற்றினால், அடுத்த தடவை இடதை வலது மேல் போட வேண்டும். நாங்கள் பழக்கத்தில் இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போடுகிறோம், அதுதான் பிழை. சரியாகப் போட்டால் முடிச்சுக்கு வெளியே நீட்டும் இரண்டு காதும் படுத்துக் கிடக்கும், பிழையாகப் போட்டால் குறுக்கே எழும்பி நிற்கும், பாரம் ஏறினால் ஒன்று நழுவும் அல்லது இறுகி உயிரை எடுக்கும். சரியான முடிச்சை அவிழ்க்க நகம் தேவையில்லை. ஒரு காதையும் அதே பக்கத்துத் துணியையும் பிடித்து எதிரெதிராக நேராக இழுங்கள், இழுத்த பக்கம் நேராகிவிடும், மற்றது அதன் மேல் வளையமாக நிற்கும், உருவினால் வந்துவிடும். மாமியின் துணியை மழைத்தண்ணீரில் ஊறவைத்துக் கட்டி இழுத்துப் பார்த்தேன், அப்போதும் வந்தது. அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அந்த நூல் சீலையே கண்ணுக்குள் நின்றது. இந்த முடிச்சை நான் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன், முதலுதவிப் பாடத்தில், கை முறிந்தால் முக்கோணத் துணி கட்டுவதற்கு. வீட்டில் அம்மாவுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

இப்போது இரண்டு மாதமாகத் திருநெல்வேலிச் சந்தைக்கு இரண்டு சவுக்கத்தோடு போகிறேன். மரக்கறிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று. பக்கத்துப் பக்கத்து மூலைகளை இரண்டு இரண்டாகக் கட்டினால் இரண்டு வளையம் வரும், ஒன்றை மற்றதுக்குள் விட்டு இழுத்தால் கைபிடி. அவர்கள் அதை வத்தகப்பழக் கட்டு என்றே சொல்கிறார்கள், நானும் வத்தகப்பழத்தை வைத்தே கட்டிப் பார்த்தேன், பாரம் சமமாகத் தொங்குகிறது, சொப்பிங் பை மாதிரி விரலை அறுப்பதில்லை. தோலகட்டி நெல்லிரசப் போத்தல் இரண்டை ஒரு துணியில் படுக்க வைத்து, அடிக்கு அடி கொஞ்சம் இடைவெளி விட்டு உருட்டி, இரண்டையும் நிமிர்த்தி மேலே முடிந்தால் ஒன்றோடொன்று முட்டாமல் நடுவில் துணி நிற்கிறது. மீனுக்கு மட்டும் இது சரிவராது, முயற்சி செய்து வீடெல்லாம் மணந்ததுதான் மிச்சம். மீனுக்கு எங்கள் பனையோலை உமலை விடச் சிறந்தது இன்னும் வரவில்லை, அதை யப்பான்காரரும் ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் கடைகளில் "துணிப் பை" என்று சொல்லி ஒன்று கொடுக்கிறார்களே, பச்சையும் நீலமுமாகக் கடைப் பெயர் அடித்து, தயவுசெய்து அதைத் துணி என்று நம்பாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாவும் இருக்காது ஊடும் இருக்காது, சூடு வைத்து ஒட்டிய புள்ளிகள்தான் தெரியும். ஒரு சின்னத் துண்டை வெட்டி, இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிந்த மணம் வந்து சாம்பலாகும். இது சுருங்கி உருகி மணியாக உறையும், ஏனென்றால் அது பொலிபுரொப்பிலீன், பச்சைப் பிளாஸ்ரிக். ஆறு மாதத்தில் வெயில் பட்டுத் தூள் தூளாக உதிர்ந்ததை என் சைக்கிள் கூடையிலேயே கண்டிருக்கிறேன். 2017 சித்திரை வருடப்பிறப்பன்று கொழும்புக்குக் கிட்ட இருக்கும் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பது பேருக்கு மேல் செத்த பிறகுதான், அந்த வருடம் செப்டெம்பரில் இருந்து சோற்றுப் பார்சல் சுற்றும் பொலித்தீன் தாளை நிற்பாட்டினார்கள். அதை நிற்பாட்டிவிட்டுத் துணி வேஷம் போட்ட பிளாஸ்ரிக்கைக் கையில் தருவது என்ன கணக்கோ.

பரிசு சுற்றுகிற விஷயத்திலும் கை வைத்தேன், அங்கேதான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆவணியில் ஒரு சொந்தக்காரக் கலியாணம். பளபளக்கிற கடதாசி வாங்காமல், கிழிந்துபோன என் பட்டுச் சீலையின் நல்ல பகுதியில் 90 சென்ரிமீற்றர் வெட்டி, ஓரம் அடித்து, பரிசுப் பெட்டியைக் கட்டி மேலே இரண்டு காதையும் பூப்போல விரித்து விட்டிருந்தேன், எனக்கே வடிவாக இருந்தது. பரிசு வாங்கி வைக்கிற மேசையில் இருந்த பிள்ளை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது ஆரின்ரையோ சாப்பாட்டுப் பெட்டி, இங்க மறந்து விட்டிட்டினம் போல" என்று பக்கத்தில் இருந்தவவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாள் பொம்பிளை தொலைபேசி எடுத்து, "மாமி, அந்தத் துணியை நான் வைத்துக்கொள்ளலாமா, திருப்பித் தர வேண்டுமா" என்று என்னிடம் கேட்டாள். மற்றக் கடதாசியெல்லாம் அன்றிரவே கிழித்துக் குப்பைக்குப் போயிருக்கும், அதைப் பற்றி ஒருவரும் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே எனக்கு இரண்டு ஆசை. எங்கள் கைத்தறி நெசவுசாலைகளில் சீலையும் சாரமும் நெய்கிறவர்கள் ஒரு யார் சதுரத்தில் நல்ல தடித்த பருத்திச் சவுக்கம் நெய்து, கட்டுகிற முறையை ஒரு துண்டுக் கடதாசியில் போட்டு விற்றால் நான் முதல் ஆளாகப் பத்து வாங்குவேன், வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களும் கட்டாயம் வாங்குவார்கள். மற்றது, ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த முடிச்சை யாராவது சொல்லிக் கொடுங்கள், பத்து நிமிடம் போதும்.

இதை வெளியிட இடம் இருக்குமோ தெரியாது, நீளமாகிவிட்டது. வெளியிட்டால், அடுத்த நாளே இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கோயில் வீதியில் கச்சான் சரை சுற்றப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, பொலித்தீனில் கட்டிக் கொடுக்காமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
கொக்குவில்.